பரிமாணங்களும் பரலோகமும்: 'ஃப்ளாட்லேண்ட்' நூல் குறித்து ஒரு திறனாய்வு

கருந்துளை, புழுத்துளை, ஐந்தாம் பரிமாணம் ஆகிய சொற்கள் இன்று இயற்பியல் வகுப்பறையைக் கடந்து அருளுரை மேடையையும் எட்டியுள்ளன. 2014-இல் வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்தைக் கண்ட இளைஞர்கள், பரலோகம் என்பது மேலான ஒரு பரிமாணமா என வினவுகின்றனர். பூட்டிய அறைக்குள் உயிர்த்த ஆண்டவர் வந்து நின்றதை விளக்க நான்காம் பரிமாணத்தைத் துணைக்கு அழைக்கும் போதகரும் உளர். இவ்விளக்கத்துக்குரிய உவமையைப் பரவச் செய்த நூல் ஒன்று உண்டு. அதனைக் கருத்துடன் கற்போர், அதன் ஆசிரியரே இவ்விளக்கத்துக்குத் தடை எழுப்பியிருப்பதைக் காண்பர்.

அந்நூல் 1884-இல் லண்டனில் வெளிவந்த 'ஃப்ளாட்லேண்ட்'. எழுதியவர் எட்வின் ஆபட் ஆபட் (1838–1926); ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானவர்; சிட்டி ஆஃப் லண்டன் பள்ளியின் தலைமையாசிரியர். நீளமும் அகலமும் மட்டுமே உள்ள தட்டை நாட்டில் வாழும் சதுரன் ஒருவன் தன் கதையைக் கூறுகிறான். அங்கே பக்கங்கள் மிகுந்தவர் உயர்ந்தோர், பெண்கள் வெறுங்கோடுகள், குருமார் வட்டங்கள். அக்காலத்துப் பிரித்தானியச் சமுதாயத்தின் படிநிலைகளை எள்ளி நகையாடும் நோக்கம் இதில் வெளிப்படை. பிற்பகுதியில், மூன்றாம் பரிமாணத்திலிருந்து கோளம் ஒன்று சதுரனைக் காண வருகிறது. அது தட்டை நாட்டின் ஊடே கடக்கையில் புள்ளியாய்த் தோன்றி, வட்டமாய் விரிந்து, சுருங்கி மறைகிறது. பூட்டிய பேழையினின்று, கதவு திறவாமலே பொருளை எடுக்கிறது.

இத்தகைய உவமையைச் சமயத்துக்குப் பயன்படுத்தும் ஆர்வம் அன்றே இருந்தது. லைப்சிக் நகர வானியலறிஞர் ட்ஸோல்னர், ஹென்றி ஸ்லேட் என்னும் ஆவியுலக இடையாளரை வைத்து 1877–78-இல் சோதனைகள் நடத்தி, ஆவிகள் நான்காம் பரிமாணத்தில் வாழ்வதாக வாதிட்டார். அந்த ஸ்லேடோ, 1876-இலேயே லண்டனில் மோசடி வழக்கில் சிக்கியவர். மருத்துவர் ஸ்கோஃபீல்டு 1888-இல் வெளியிட்ட நூலில், ஆவிக்குரிய உலகமே நான்காம் பரிமாணம் என்னும் முடிவை நோக்கிச் சென்றார்.

ஆபட் அவ்வழியிற் செல்லவில்லை. கோளத்தால் மேலே தூக்கப்பட்ட சதுரன், வீடுகளின் உள்ளும் மனிதரின் உள்ளும் ஒருங்கே தெரியக் கண்டு, தான் தெய்வநிலை எய்தியதாக மகிழ்கிறான். கோளம் அவனைக் கடிந்துகொள்கிறது: இப்பார்வை தன் நாட்டுத் திருடருக்கும் உண்டு, இதனால் நீதியோ இரக்கமோ அன்போ பெருகாதெனில், இதில் தெய்விகம் எங்கே? நூலின் உயிர்நாடி இவ்வினாவே என்பது நம் கருத்து. அக்கோளமும் குறையற்றதன்று. நான்காம் பரிமாணம் உண்டா எனச் சதுரன் கேட்டதும் அது சினந்து, அவனைத் தட்டை நாட்டுக்கே தள்ளிவிடுகிறது. மேற்பரிமாணத்தில் வாழ்வோரும் செருக்குக்கு விலக்கல்லர்.

இனி, அறிவியல் கூறுவதைச் சற்றே நோக்குவோம். இயற்பியலில் பரிமாணம் என்பது ஒரு நாடன்று. ஒரு நிகழ்ச்சியின் இடத்தையும் வேளையையும் குறிக்கத் தேவையான எண்களுள் ஒன்று. 1908-இல் மின்கோவ்ஸ்கி காலத்தையே நான்காவதாக வைத்தார். ஆகவே சார்புக் கோட்பாட்டின் நான்காம் பரிமாணம் வேறு; சதுரன் வினவிய நான்காம் பரிமாணம் வேறு. மேடைகளில் இவ்விரண்டும் ஒன்றெனக் கலக்கப்படுகின்றன.

கருந்துளைகள் உள்ளன என்பதற்குச் சான்றுகள் வலியவை. 2015 செப்டம்பர் 14 அன்று இரு கருந்துளைகள் இணைந்ததால் எழுந்த ஈர்ப்பலை பதிவாயிற்று. ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்றின் நிழலைக் காட்டும் படம் 2019-இல் வெளியாயிற்று. ஆயினும் இருப்பது வேறு, வழியாவது வேறு. ஐன்ஸ்டீனும் ரோசனும் 1935-இல் கணக்கில் கண்ட 'பாலம்', ஒளி கடக்குமுன்னரே அறுந்துவிடும் என 1962-இல் ஃபுல்லரும் வீலரும் காட்டினர். 1988-இல் மோரிசும் தோர்னும் வரைந்த புழுத்துளை திறந்திருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும். அதற்குப் போதிய அளவில் அது எங்கும் காணப்படவில்லை. இத்தகைய ஊகத்தின்மேல் உயிர்த்தெழுதலைக் கட்டுதல் மணலில் வீடு கட்டுதலை ஒக்கும்.

இறையியல் நோக்கில் இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. கோளம் தட்டை நாட்டைக் கடந்து செல்கிறதேயன்றி, ஒருபோதும் தட்டை நாட்டானாவதில்லை. அங்குள்ளோர் காண்பது அதன் வெட்டுமுகத் தோற்றமே. இவ்வுவமையைக் கிறிஸ்துவுக்குப் பொருத்தினால், அவர் மனித உருவில் தோன்றினாரேயன்றி மனிதராகவில்லை என்னும் பழைய தோற்றக் கொள்கையே மீண்டும் தலைதூக்கும். வாக்கு ஊனுடல் ஏற்றார் என்னும் நம் அறிக்கை அங்கே நிலைகுலையும். யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்திலும், ஆண்டவர் தம்மை அறிவிக்கக் காட்டியது பூட்டிய கதவைக் கடந்த ஆற்றலையன்று, தம் காயங்களை. கதவைக் கடத்தல் கோளத்துக்கும் இயலும். காயமேற்றல் அதற்கு இயலாது.

'இன்டர்ஸ்டெல்லர்' இதில் நேர்மையாகவே நடந்துகொள்கிறது. அதில் ஐந்தாம் பரிமாணத்திலிருந்து உதவுவோர் தெய்வங்கள் அல்லர், எதிர்கால மனிதரே எனக் கதைத்தலைவன் உணர்கிறான். தந்தை மகளோடு தொடர்புகொள்வதும் மனித முயற்சியின் வெற்றியாகவே காட்டப்படுகிறது. அதற்குத் திருமுழுக்கு அளிக்க முனைவோர் நாமே. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு நிற்கும் தாயிடம், அவன் வேறொரு பரிமாணத்துக்குச் சென்றுவிட்டான் என்போமானால், நாம் அவளுக்கு அளிப்பது முகவரியே, நம்பிக்கையன்று. சாவு ஒரு கதவல்ல, பகைவன். அதனை வென்றவர் உண்டு என்பதே திருச்சபை அவளுக்குக் கடன்பட்டுள்ள செய்தி.

எனினும் இந்நூலை இறையியல் மாணவர் தவறாது படித்தல் நன்று. நம் அறிவின் எல்லையே உண்மையின் எல்லை எனக் கொள்ளும் தட்டைப் பார்வையை அது கண்டிக்கிறது. புதிய உண்மையைக் கூறியவனைச் சிறையிலிடும் வட்டக் குருமாரையும் காட்டுகிறது. பணிவு கற்பிக்கும் உவமையாக அதனை மேடையில் எடுத்தாளலாம். விசுவாசத்தை மெய்ப்பிக்கும் சான்றாக அன்று.