சுனையும் தாழியும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

சமணர்மலையில் செட்டிப்புடவுக் குகைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "செட்டியாரைப் பாக்க வந்தீகளா?" என்று கேட்டார். எங்களை அழைத்துப்போனவர் சிரித்துவிட்டு நடந்திருக்கலாம். நின்று, "செட்டியார் இல்லம்மா, மகாவீரர்" என்று திருத்தினார். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். திருத்தியது சரிதான். தொங்கும் காதோடு அமர்ந்திருக்கும் அந்த உருவத்தின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஆளில்லாமல் போன பல நூற்றாண்டுகள் அந்தச் சிலை உடைபடாமல் இருந்ததில் 'செட்டியார்' என்ற பெயருக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஞாயிறு காலையில் கூட்டமாக நடந்துபோகும் வழக்கம் இன்று வேர்விட்டிருக்கிறது. 2010இல் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த 'பசுமை நடை'. சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் பாறைமேல் நின்று பாடம் சொன்னார்கள். கருத்தரங்க மேடையை விட்டு இறங்காத விஷயங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களின் காதில் விழுந்தன. மாங்குளம் மலைக் கல்வெட்டை 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்தார்; அதில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பது வெளிப்பட அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின. இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதன் கீழே நின்று எழுத்துக்கூட்டப் பார்க்கிறது. இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக எத்தனை குன்றுகள் காணாமல் போயின என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் ஆள் வந்துபோகும் மலையில் வெடி வைக்க யாரும் யோசிப்பார்கள்.

குறை எங்கே என்றால், இந்த நடைகளுக்கு எழுத்தின்மேல் மோகம் அதிகம். கல்வெட்டு இருந்தால் அது இடம். இல்லாவிட்டால் வெறும் வழி. சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சி காவல் தெய்வம். பள்ளத்தில் இருப்பது சுனை. பெயரிலேயே ஒரு தெய்வமும் தண்ணீர் தேங்கும் குழியும் இருக்க, நாம் அண்ணாந்து தீர்த்தங்கரர் வரிசையைப் படமெடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். எந்த மாதம் சுனை வற்றும், யார் தூர்வாரினார்கள், அந்தத் தண்ணீரை யார் குடித்தார்கள் என்று கேட்பவர் அரிது. மலைமேல் துறவிகள் தங்க முடிந்ததற்கே அந்தச் சுனைதான் காரணமாக இருக்க வேண்டும்.

அழகர்மலை நூபுர கங்கைக்குப் போகிறவர்கள் வேறு ரகம். அங்கே ராக்காயி அம்மன் தீர்த்தத்துக்குக் காவல். கள்ளழகருக்கு அந்தத் தண்ணீரில்தான் திருமஞ்சனம்; வேறு தண்ணீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்புக்காகப் பெருமாளே மலையேறி வருகிறார். ஆடி அமாவாசைக்கு வரும் குடும்பம் குளித்து, குடித்து, கேனில் பிடித்து ஊருக்கும் கொண்டுபோகிறது. இடத்தை உடம்பால் அறிவது என்றால் இதுதான். அயர்லாந்தில் புனிதக் கிணற்றோர மரங்களில் துணிக்கிழி கட்டிவிட்டு வருவார்களாம். நம் ஊரில் தொட்டில் கட்டுவதற்குத் தங்கச்சிமுறை. அதற்காகப் பக்தியை உத்தமமான காவல்காரன் என்று சொல்லிவிடவும் முடியாது. ஷாம்பு உறையும் அவிழ்த்துப்போட்ட ஈரத்துணியும் கிடக்காத தீர்த்தத்தை எனக்குக் காட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் முகம் அழிந்த சிலைகள் எத்தனை!

புதைகுழிகளின் கதை இன்னும் சிக்கலானது. செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழியைத் தென்மாவட்டங்களில் மதமதக்கத் தாழி என்பார்கள். சாவே வராமல் சுருங்கிப்போன கிழடுகளை உள்ளே உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள் என்று பாட்டிமார் சொல்வது உண்டு. கதை பொய், அது ஊட்டிய பயம் மெய். உச்சிவேளையில் அந்த மேட்டுப்பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள். ஏர் முனையில் தாழி தட்டினால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள், புதையல் என்று உடைத்தவர்களும் இருந்தார்கள். கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகையில் 2020இல் அகழாய்வு தொடங்கித் தாழிகள் வெளிவந்தபோது பயம் போய்ப் பெருமை வந்தது. அங்கே கிடைத்த மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு முகம் வரையும் அளவுக்கு ஆய்வு நகர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் குழியோரம் எலும்புக்கூடு பின்னால் தெரியும்படி செல்ஃபி எடுத்த கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் பொய்யே மேல் என்று தோன்றியது. துட்டி வீட்டில் யாரும் இப்படி நிற்கமாட்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் ஆனால் சாவு சாவில்லாமல் போய்விடுமா?

அறிவு பயத்தை விரட்டலாம். விரட்டிய இடத்தில் அது காவலுக்கும் உட்கார வேண்டும். அரிட்டாபட்டியில் அது ஓரளவு நடந்தது. ஏழு குன்றுகள், குடைவரைக் கோயில், தமிழி எழுத்து, சுனைகள் எல்லாம் இருக்கும் அந்தப் பகுதியின் 193 எக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே வருஷத்தில் அதையும் உள்ளடக்கிய பெரிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குப் போனது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்துச் சனம் மதுரைக்குத் திரண்டு வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. வந்தவர்கள் கண்மாய்க்கும் கோயில்மாட்டுக்கும் சொந்தக்காரர்கள். ஞாயிறு நடைக்காரர்கள் அந்த வெற்றியில் பெரிய பங்கு கேட்டால் அது அதிகப்படி. இருந்தாலும், எங்கள் மலையில் ஈராயிரம் வருஷத்து எழுத்து இருக்கிறது என்று உரத்துச் சொல்ல ஊருக்கு ஒரு வாதம் கிடைத்ததே, அதில் பல வருஷமாகப் பாறையில் நின்று பேசியவர்களின் தொண்டைத் தண்ணீரும் உண்டு.

நடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அனுப்பானடிக்கு ஒரு ஞாயிறு கூட்டிப்போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தாழிகளைத் தோண்டிப் பார்த்த இடம் அது. இன்று மாநகருக்குள் வீடும் கடையுமாக நெருங்கிக் கிடக்கிறது. படமெடுக்க ஒன்றுமில்லை. மலை ஏற வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டாம். டீக்கடை முன்னால் ஐம்பது பேர் நின்று தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், "என்ன சார் தேடுறீக?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று கேட்க நானும் வருகிறேன்.