பின்னிருக்கையின் சாட்சி

கையில் எண்ணெய்க் கறையோடு படிக்கத்தக்க நூல்கள் மிகச் சிலவே. ராபர்ட் பிர்சிக் என்னும் அமெரிக்கர் எழுதி 1974-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ அவற்றுள் ஒன்று. 121 பதிப்பகங்களால் மறுக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையான நூல் இது. ஜென் மார்க்கத்தைப் பற்றியோ மோட்டார் சைக்கிளைப் பற்றியோ இதில் பெரிதாகச் செய்தி எதுவும் இல்லை என்று முகப்பிலேயே ஆசிரியர் எச்சரிக்கிறார். முன்னதைப் பற்றி நாம் அறியோம். பின்னதைப் பொறுத்தவரை அவர் தன்னடக்கத்தோடு பேசுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

இந்நூலை நாம் மூன்று முறை படித்திருக்கிறோம். முதல் இருமுறையும் நாற்காலியில் அமர்ந்து படித்தோம். மூன்றாம் முறை ஆலங்குளத்தில், நகர மறுத்த ஒரு பழைய புல்லட்டின் அருகே தரையில் அமர்ந்து படித்தோம். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று, 1970-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த, இராசபாளையத்துக்குக் கிழக்கே உள்ள ஆலங்குளம்.) அந்த மூன்றாம் வாசிப்பில்தான் நூலின் வலிமையும், அதன் நடுவே உள்ள ஒரு பெருங்குறையும் ஒருங்கே புலப்பட்டன.

கதை எளியது. 1968-ஆம் ஆண்டுக் கோடையில் ஹோண்டா சூப்பர் ஹாக் வண்டியில், பதினொரு வயது மகன் கிறிஸ் பின்னால் அமர்ந்திருக்க, மினியாபொலிஸ் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஒரு தந்தை செல்கிறார். பயணம் 17 நாள். வழிநெடுக அவர் தமக்குள் தத்துவம் பேசிக்கொள்கிறார். தரம் என்பது யாது என்னும் அவருடைய பெருவிசாரணையைத் தத்துவம் பயின்றோரிடமே விட்டுவிடுவோம். நம்மைக் கவர்ந்தவை பழுது கண்டறியும் முறையை அவர் விளக்கும் பக்கங்களே. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் எஞ்சினில் மிஸ்ஸிங் அடிக்கிறது, சமநிலச் சாலையில் அடிக்கவில்லை எனில், குலுக்கலே காரணம் என்று முடிவு செய்யலாம். இது ஒரு வழி. பேட்டரி செத்திருந்தால் ஹாரன் ஒலிக்காது. ஆகவே ஹாரனை அழுத்திப் பார்ப்போம். இது மற்றொரு வழி. ஹாரனை அழுத்தும் மெக்கானிக் செய்வது உண்மையான அறிவியல் சோதனையே என்கிறார் பிர்சிக். சிக்கல், ஊகங்கள், சோதனைகள், எதிர்பார்த்த விளைவு, கண்ட விளைவு, முடிவு என ஆறு தலைப்புகளில் குறிப்பேடு எழுதச் சொல்கிறார். இவற்றுள் முதலாவதற்குத் தனிக் கவனம் வேண்டும் என்பது அவர் கருத்து. ‘மின்சாரப் பகுதியில் என்ன கோளாறு’ என்று எழுதாதே, ‘வண்டியில் என்ன கோளாறு’ என்று மட்டும் எழுது. உனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாதே என்கிறார்.

இந்த அறிவுரையை நாம் மதித்தோம். ஆயினும் மீறினோம்.

புல்லட் எஞ்சினின் இயல்பை அறிந்தவர்க்கு நம் நிலை விளங்கும். 1955 முதல் சென்னையில் வேரூன்றி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். தீப்பொறியை நேரம் தவறாமல் தருவது பாயிண்ட் எனப்படும் சிறு இணைப்பு. அதன் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தேய்ந்தால் வண்டி கிளம்பாது; கண்டன்சர் பழுதானால் பாயிண்ட் கருகும்; கார்பரேட்டரில் தூசி அடைத்தால் மூச்சுத் திணறும். எதையும் ஒளித்து வைக்காத எஞ்சின் அது. அதனாலேயே ஓட்டுபவனுக்குத் தன்னையும் ஒரு மெக்கானிக்காக எண்ணிக்கொள்ளும் மயக்கம் வந்துவிடுகிறது.

நம் வண்டி தந்தையார் விட்டுச் சென்றது. இராசபாளையம் செல்லும் வழியில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். ‘மின்சாரப் பகுதியில் கோளாறு’ என்று மனத்தில் எழுதிக்கொண்டோம். சாலையோரப் புளிய மரத்தடியில் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி உதைத்தோம்; கிளம்பிற்று. பிளக்கே காரணம் என்று புதியது வாங்கினோம். மறுவாரம் மீண்டும் நின்றது. பாயிண்ட்டைத் தேய்த்துச் சரிசெய்தோம், கிளம்பிற்று. பின்னர் நின்றது. கண்டன்சரை மாற்றினோம். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினோம். ஒவ்வொரு முறையும் வைத்தியம் பலித்தது. ஒவ்வொரு முறையும் நோய் திரும்பிற்று. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே. வண்டியைக் கிளப்பியது நம் கைவண்ணம் அன்று, அதற்குச் செலவான கால்மணி நேரமே என்பது நமக்குத் தோன்றவில்லை. பழைய இரும்புக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோம். தந்தையார் இருபது ஆண்டு ஓட்டிய வண்டி என்பதால் வீட்டில் இரண்டு நாள் யாரும் நம்மோடு சரியாகப் பேசவில்லை.

இறுதியில் ஊரிலேயே உள்ள சிறு பட்டறைக்குத் தள்ளிச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “என்னைக்கு நிக்கிது அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். நாம் பாயிண்ட், கண்டன்சர் என்று வரலாறு படித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மீண்டும் அதையே கேட்டார். நாம் விழித்தோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் மகன் பின்னாலிருந்து மெல்லச் சொன்னான்: “பெட்ரோல் நிறையப் போட்ட அன்னைக்குத்தான் நிக்கிது மாமா.”

மெக்கானிக் சிரித்தார். டேங்க் மூடியைச் சற்றே தளர்த்தி வைத்து, “ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க” என்றார். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டினோம், நிற்கவில்லை. மூடியை இறுக்கி ஓட்டினோம், நின்றது. அங்கேயே மூடியைத் திருகியபோது காற்று உள்ளே ‘புஸ்’ என்று பாய்ந்தது. மூடியில் காற்றுப் போவதற்கென்று உள்ள ஊசித்துளை, சாலைத் தூசியும் கழுவிய சோப்பும் சேர்ந்து கெட்டிப்பட்டு அடைந்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு இறங்க விடாமல் பிடித்துக்கொண்டது. டேங்க் நிறைந்திருக்கும்போது காற்றுக்கு இடம் மிகக் குறைவு. ஆதலின் அன்றைக்கு விரைவில் நின்றது. சற்றுநேரம் ஓய்ந்தால் மூடியின் இடுக்குவழியே காற்று கசிந்து, வண்டி கிளம்பிற்று. மெல்லிய கம்பியால் குத்திவிட்டார். கூலி கேட்கவில்லை.

பிர்சிக்கும் இவ்வாறே ஏமாந்தவர்தாம். அதை மறைக்காமல் எழுதியிருப்பது அவருடைய பெருமை. முந்தைய பயணமொன்றில் மழையில் வண்டி நின்றுவிட, ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்டது. பெட்ரோல் இருக்கிறது என்று விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சோதித்தார். தளும்பியது திறக்கப்படாத ரிசர்வ் பெட்ரோல் என்பது பின்னரே தெரிந்தது. புல்லட் ஓட்டிய எவரும் இப்பகுதியைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் மெக்கானிக்குகளை அவர் காட்டும் விதத்தில் நாம் உடன்படவில்லை. வானொலி அலற, அக்கறையின்றித் தட்டி உடைத்து, எஞ்சினை மேலும் கெடுத்தவர்களை அவர் விவரிக்கிறார். எண்ணெய் செல்லும் வழியில் முறிந்திருந்த ஒரு சிறு ஊசியே மூலகாரணம் என்பதைப் பின்னர் அவரே கண்டுபிடிக்கிறார். அத்தகையோர் நம்மூரிலும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர்களுக்கு மாற்றாக நூல் முன்வைப்பது, தன் வண்டியைத் தானே தனிமையில் சீராக்கும் மனிதன் ஒருவனை மட்டுமே. பிறர் வண்டியை, அவர் சொல்வதைக் கேட்டுச் சீராக்கும் மூன்றாமவனுக்கு இந்நூலில் இடமில்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்பியவர், தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றும் பட்டறை திறந்த மத்தேயு கிராஃபோர்ட். அவருடைய 2009-ஆம் ஆண்டு நூலில் வாடிக்கையாளரின் பணப்பையும் ஒரு பாத்திரமாக வருகிறது.

நண்பர் ஜானின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வண்டியின் கைப்பிடி தளர்ந்தபோது, பீர் டப்பாவின் தகட்டை வெட்டிச் செருகலாம் என்கிறார் பிர்சிக். நண்பர் முகம் சுளிக்கிறார். இச்சிறு நிகழ்ச்சியின்மேல் மனிதகுலத்தின் இருவகை நோக்குகளைப் பற்றிய ஒரு கோபுரமே எழுப்பப்படுகிறது. சைக்கிள் டியூபை வெட்டிப் பேக்கிங் செய்யும் நம் நாட்டில் அக்கோபுரத்துக்கு அடித்தளம் கிடைக்காது. வண்டியின் உள்ளறியாமல் ஓட்டுவது வசதி படைத்தோரின் சலுகை.

தென்னிந்தியக் குரங்குப் பொறி என்று ஒன்றும் நூலில் வருகிறது. குடைந்த தேங்காய்க்குள் அரிசி. கைவிட்ட குரங்கு பிடியை விடாமல் அகப்படுகிறதாம். கொண்ட கருத்தைக் கைவிட மறுப்பவனுக்கு உவமை அது. அய்யனார் அருவிப் பக்கம் கைப்பைகளைத் திறந்து பார்க்கும் குரங்குகளைக் கண்ட நமக்கு அவை இவ்வளவு ஏமாளிகளாகத் தோன்றவில்லை. எனினும் உவமை நம்மைச் சுட்டது. மின்சாரக் கோளாறு என்ற அரிசியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தவர்கள் நாமே.

இனி அந்தப் பெருங்குறை. டேப்பட் ஓசையின் நுண்ணிய மாறுதலையும் கேட்கும் அத்தந்தைக்குப் பின்னிருக்கையின் குரல் கேட்பதில்லை. கிறிஸ் வயிற்றுவலி என்கிறான், அழுகிறான், முரண்டு பிடிக்கிறான். இவற்றை எரிச்சலோடு குறித்துக்கொண்டு, மீண்டும் தத்துவத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஆறு தலைப்புக் குறிப்பேட்டில் மகனுக்கு ஒரு பக்கம் இல்லை. ஆசிரியர் இதை அறிந்தே எழுதினார், அதுவே நூலின் கலை என்று வாதிடுவோர் உண்டு. முடிவில், கலிபோர்னியக் கரையோரம் ஓடும் வண்டியில் கிறிஸ் கால்தாங்கிகள்மேல் எழுந்து நின்று, தந்தையின் தோளுக்கு மேலாகச் சாலையை முதன்முறையாகப் பார்க்கும் காட்சி அவர்கள் தரப்புக்கு வலுவான சான்று. அதுவரை அவன் பார்த்ததெல்லாம் ஒரு முதுகையே. நாம் பாதி ஒப்புகிறோம். ஆயினும் நானூறு பக்கங்களில் அச்சிறுவனுக்குக் கிடைத்த சொற்களை எண்ணிப் பார்த்தால், அறிந்தே செய்த கலைக்கும் அறியாமல் செய்த புறக்கணிப்புக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. கிறிஸ் 1979-இல் சான் பிரான்சிஸ்கோவில் கொலையுண்டான். பிற்பதிப்பில் தந்தை சேர்த்த பின்னுரை, நூல் முழுவதிலும் மகனைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகச் செறிவானது.

பிர்சிக் 2017-இல் மறைந்தார். அவருடைய வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை.

பட்டறையிலிருந்து திரும்பும் வழியில், முன்பே ஏன் சொல்லவில்லை என்று மகனைக் கேட்டோம். சொன்னானாம். திருவில்லிபுத்தூர் சென்றுவந்த ஞாயிற்றுக்கிழமை, புளிய மரத்தடியில் நாம் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னானாம். பேசாமல் டார்ச்சைப் பிடி என்றோமாம்.