பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்: இதய மின்பதிவுச் சொற்றொகுதி குறித்து ஒரு மதிப்பீடு

ஈ.சி.ஜி. எனப்படும் இதய மின்பதிவின் அலைகளுக்கு ஐந்தோவன் இட்ட பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்கள் நூறாண்டு கடந்தும் உலகெங்கும் மாறாது வழங்குகின்றன. அலைப்பெயரில் நிலவும் இவ்வொருமை நோய்ப்பெயரில் இல்லை. அக்குறை நீங்க, அமெரிக்க இதயச் சங்கமும் பிற அமைப்புகளும் 2007-இல் 117 முதன்மைக் கூற்றுகளை 14 பிரிவுகளில் தொகுத்தளித்தன. 2020-இல் பிசியோநெட் நடத்திய ஆய்வுப் போட்டி, பல நாட்டுப் பதிவுகளை ஸ்னோமெட் சிடி என்னும் மருத்துவச் சொற்றொகுதியின் குறியீடுகளால் ஒன்றிணைத்தது. இம்முயற்சிகள் போற்றத்தக்கன.

எனினும், அப்போட்டி மூன்று இணைப் பெயர்களை மதிப்பிடுகையில் ஒன்றெனவே கொண்டமை ஆராய்தற்குரியது. கீழறை முந்துதுடிப்பு, கீழறை முந்துசுருக்கம் ஆகியன வழக்கில் ஒரு பொருள் குறித்த பெயர்களே. இவ்விணையை நாம் ஏற்கலாம். ஆனால், ‘வலது கற்றைக்கிளைத் தடை’ பொதுப்பெயர்; ‘முழுமையான வலது கற்றைக்கிளைத் தடை’ சிறப்புப்பெயர். வயது வந்தோரிடம் கியூ.ஆர்.எஸ். அலைத்தொகுதி 120 மில்லிவினாடியோ அதற்கு மேலோ நீடிப்பின் முழுமைத் தடை. 110 முதல் 119 வரையெனின் குறைத் தடை என்பது 2009-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அடைமொழியின்றி எழுதிய மருத்துவர் இவற்றுள் எதனைக் கருதினார் என்பது குறியீட்டால் விளங்காது. இரண்டையும் ஒன்றாக்கிய பின், அத்தரவைக் கற்கும் கணினிக்கு அவ்வையம் இருந்த சுவடும் தெரியாது.

போட்டியில் மதிப்பெண் கணக்கிட இவ்வெளிமை உதவியிருக்கலாம், நோயறிதலுக்கு உதவாது. பெயர்களைத் தொகுப்பதோடு அவற்றிடையே உள்ள பொது, சிறப்பு உறவையும் காப்பதே பொதுச் சொற்றொகுதியின் கடமை என்பது நம் துணிபு. தமிழில் மருத்துவக் கலைச்சொல் ஆக்குவோரும் இதனை உளங்கொள்ளுதல் வேண்டும்.