குப்பி: கைகொடுப்பதும் கைவிடுவதும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு வகுப்பு நடக்கிறது. அதன் பெயர் குப்பி. பரீட்சை நெருங்கும்போது ஒரு சீனியரோ, அதே பேட்ச்சில் பாடம் விளங்கிய ஒருவரோ வெண்பலகைக்கு முன்னால் நிற்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். கட்டணமில்லை, வரவுப் பதிவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் ‘தி ஐலண்ட்’ நாளிதழில் எழுதிவரும் பத்திக்கும் இந்தப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அவ்வளவு ஊறிப்போன வழக்கம் இது.

கணினித் துறை மாணவர்கள் குப்பியைத் தேடி ஓடும் பாடங்களில் டிஸ்கிரீட் மெத்ஸ் எனப்படும் தனிநிலைக் கணிதமும் ஒன்று. அந்தப் பாடத்துக்குக் குப்பி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது? இதைத் தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றிலிருந்து போகிற பிள்ளையை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குக் குப்பி ஒரு கூடுதல் வசதி. அந்தப் பிள்ளைக்குப் பல வேளைகளில் அதைவிட்டால் வேறு கதியில்லை.

தெஹியோவிட்ட, கேகாலை மாவட்டத்தின் மூன்று கல்வி வலயங்களில் ஒன்று. தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதப் பிரிவைப் படிக்கக்கூடிய பாடசாலைகள் சப்ரகமுவத் தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவு. வெளியூரில் தங்கிப் படித்து, இணைந்த கணிதத்தில் சித்தியடைந்து கெம்பஸுக்கு வருகிற பிள்ளைக்கு அங்கே விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. தென்னிலங்கைப் பல்கலைக்கழகமென்றால் மண்டபத்துக்கு வெளியே பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்.

மொழியோடு பாடத்தின் போக்கும் மாறிவிடுகிறது. இணைந்த கணிதத்தில் பகுதி ‘ஆ’வின் ஏழு வினாக்களில் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். எந்த இலக்கத்தில் எந்த அலகு வரும் என்பதைக்கூடப் பிள்ளைகள் ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குக் கை தானாக ஓடும். தனிநிலைக் கணிதத்தில் கை ஓடுவதற்குக் கணக்கே குறைவு. தருக்கம், தொடைகள், தொடர்புகள், எண்ணும் முறைகள், வரைபுகள் என்று நீளும் அந்தப் பாடத்தில் ‘நிறுவுக’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே வெற்றுத்தாள்தான் கிடக்கிறது. முதல் வரியில் என்ன எழுதுவது என்பதே கேள்வி.

இங்கேதான் குப்பியின் பெருமை தெரிகிறது. ‘எல்லா x-க்கும் ஒரு y உண்டு’ என்பதும் ‘ஒரு y உண்டு, அது எல்லா x-க்கும் பொருந்தும்’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். ஆங்கில விரிவுரையில் குறியீடுகள் இடம் மாறியது மட்டுமே கண்ணில் படும். குப்பியில் ஓர் அக்கா, “ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு என்கிறதும், எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பள்ளிக்கூடந்தான் இருக்கு என்கிறதும் ஒண்ணா?” என்று கேட்டால் விஷயம் முடிந்தது. அரை மணி நேர விரிவுரையில் பிடிபடாதது ஒரு வாக்கியத்தில் பிடிபட்டுவிடும். போன வருடம் தானும் இதே இடத்தில் திணறியவர் என்பதால் எந்த இடம் இடறும் என்பது அவருக்குத் தெரியும். விரிவுரையாளரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை அவரிடம் கேட்கலாம். பரீட்சையில் தவறினால் பின்னர் ‘ரிப்பீட்’ எழுதி எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது. அந்தப் பயத்தைப் பத்துப் பேரோடு சேர்ந்திருந்து பகிர்ந்துகொள்வதும் சிறிய உதவியல்ல.

ஆனால் குப்பி பெரும்பாலும் கடைசி வாரத்தில் நடக்கிறது; கையில் இருப்பவை பழைய வினாத்தாள்கள். எனவே அது வினாவின் அச்சைக் கற்றுத்தருகிறது. அச்சு எங்கே உடைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்.

3 ரூபாய், 5 ரூபாய் முத்திரைகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. 8 ரூபாயும் அதற்கு மேற்பட்ட எந்த முழு ரூபாய்த் தொகையும் இவற்றால் ஒட்டலாம் என நிறுவுக. உலகெங்கும் பாடநூல்களில் வருகிற வினா இது. குப்பியில் முதலில் 8, 9, 10 ஆகிய மூன்றையும் சரிபார்ப்பார்கள்: 3+5, 3+3+3, 5+5. அதற்கு மேலே எந்தத் தொகையை எடுத்தாலும், அதில் 3 ரூபாய் குறைந்த தொகை ஏற்கெனவே கைகூடியிருக்கும். அதோடு இன்னுமொரு 3 ரூபாய் முத்திரையைச் சேர்த்தால் சரி. கொப்பியில் பதிவது இது: ‘முதல் மூன்றைச் சரிபார், பிறகு தொகுத்தறி.’

பரீட்சையில் முத்திரைகள் 4 ரூபாயும் 7 ரூபாயுமாக மாறுகின்றன. தொகை 18 ரூபாயிலிருந்து. பிள்ளை 18, 19, 20 ஆகிய மூன்றையும் சரிபார்க்கிறது: 4+7+7, 4+4+4+7, 4+4+4+4+4. பிறகு மனப்பாடமான வரிகளை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறது. 21-ஐப் பார்ப்போம். 4 குறைத்தால் 17. அந்த 17 ரூபாயை 4, 7 முத்திரைகளால் ஒட்டவே முடியாது. நிறுவல் அங்கேயே அறுந்துவிடுகிறது. 21-ஐயும் (7+7+7) தனியே சரிபார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 4 ரூபாய் பின்னால் போவதால் இங்கே அடிப்படைத் தொகைகள் நான்கு வேண்டும். முன்னதில் 3 ரூபாய் பின்னால் போனதால் மூன்று போதுமாயிருந்தது. பலகையில் மூன்று என்ற எண் இருந்தது, ஏன் மூன்று என்பது இருக்கவில்லை.

இதற்குக் குப்பி எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் முதல் நாள் இரவு இரண்டு பக்கம் கிறுக்கி, 10-இல் மாட்டி, திரும்ப வந்துதான் அந்த மூன்றைக் கண்டுபிடித்திருப்பார். பலகைக்கு வருவது திருத்திய படி மட்டுமே. கற்றல் முழுவதும் அந்தக் கிறுக்கலில் நடந்து முடிந்துவிட்டது. ஆக, குப்பியில் அதிகம் படிப்பவர் குப்பி எடுப்பவரே.

சேர்ந்து படிப்பதே பிழை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தவறுவதும் சீன வம்சாவளி மாணவர்கள் தேறுவதும் ஏன் என்று ஆராய்ந்தார். உழைப்பிலோ குடும்பத்தின் அக்கறையிலோ அவர் காரணத்தைக் காணவில்லை. முன்னவர்கள் பெரும்பாலும் தனியே படித்தார்கள். பின்னவர்கள் முதலில் தனியே முயன்றுவிட்டு, பிறகு கூடி ஒருவர் விடையை மற்றவர் சோதித்தார்கள். அதைக் கண்டு அவர் தொடங்கிய கூட்டுப் பயிற்சியில் வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார்; கறுப்பின மாணவர்களின் பெறுபேறு உயர்ந்தது. குப்பியில் கூடுவது இருக்கிறது. கூடுவதற்கு முந்திய தனி முயற்சி இல்லை.

குப்பியின் இன்னொரு குறை மொழியில் இருக்கிறது. தென்னிலங்கையில் அது சிங்களத்தில் நடந்தால், தெஹியோவிட்டப் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டதைச் சிங்களத்தில் விளங்கித் தமிழில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்த ஆண்டில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் தனிக் குப்பிக்கும் ஆள் சேராது. குப்பியைக் காரணம் காட்டி, முறையான தமிழ்வழி உதவி வகுப்பைப் பல்கலைக்கழகம் தட்டிக்கழிக்கக் கூடாது. மாணவர்களின் நல்ல மனத்தில் ஓடும் ஏற்பாடு நிர்வாகத்தின் கடமைக்கு ஈடாகாது.

குப்பியைக் கைவிடச் சொல்வது, வேறு வழியில்லாதவரிடம் இருந்ததையும் பறிப்பதாகும். மாற்ற வேண்டியது அதன் காலமும் ஒழுங்கும். செமஸ்டரின் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே தொடங்கட்டும். வருகிற ஒவ்வொருவரும் வினாவை முயன்று பார்த்த தாளோடு, அது பிழையாக இருந்தாலும், வரட்டும். எழுதுகோல் சீனியரின் கையிலிருந்து கேட்பவர் கைக்குப் போகட்டும், சீனியர் “ஏன் மூன்று?” என்று மட்டும் கேட்கட்டும். ஒரு வினா முடிந்ததும் அதன் எண்களை மாற்றி, நிறுவல் எந்த வரியில் உடைகிறது என்று எல்லோருமாகத் தேடட்டும். இப்படிச் செய்தால் ஒரு மாலையில் பத்து வினாக்களுக்குப் பதில் இரண்டுதான் முடியும். தனிநிலைக் கணிதத்துக்கு அந்த இரண்டு, கொப்பியில் இறங்கிய பத்தைவிட அதிகம்.