குரல் உடையும் நாள்

செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூர் என்று ஒரு கிராமம். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அங்கே பாறையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கல் படுக்கைகள் இருக்கின்றன. தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. படுக்கை, துறவிகள் தங்கும் இடம், பாடம் நடக்கும் இடம் மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்: பள்ளி. துறவிகள் தங்கிய இடத்திலேயே பாடமும் சொன்னதால்தான் பள்ளிக்கூடம் என்ற பேரே வந்தது என்பார்கள். அதே செஞ்சிப் பக்கம் சிங்கவரத்தில் குடைவரைக்குள் ரங்கநாதர் படுத்திருக்கிறார். அவரும் பள்ளிகொண்டவர்தான். அவர் பாடம் எடுத்ததாகத் தகவல் இல்லை.

படுக்கையும் பாடமும் ஒரே கூரையின் கீழ் என்கிற இந்தப் பழைய அர்த்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தினுசுப் பள்ளி ஐரோப்பாவில் இருக்கிறது. பாய்ஸ் கொயர் ஸ்கூல். எட்டு, ஒன்பது வயசில் பையனைக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கேயே சாப்பிட்டு, தூங்கி, கணக்கும் அறிவியலும் படித்து, மிச்ச நேரமெல்லாம் மற்ற பையன்களோடு சேர்ந்து பாடுகிறான். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து தாமஸ் கொயருக்கு வயசு எண்ணூறுக்கு மேல், 1212ல் ஆரம்பித்தது. மகா மேதை பாக் அங்கே 27 வருஷம் பாட்டு வாத்தியார். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜை 1441ல் ஆரம்பித்த ஆறாம் ஹென்றி, கொயரில் 16 பையன்கள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் 16தான். வியன்னா பாய்ஸ் கொயரின் கதை 1498ல் தொடங்குகிறது. இன்று சுமார் நூறு பையன்கள், நாலு குழுவாகப் பிரிந்து உலகமெல்லாம் போய்ப் பாடுகிறார்கள்.

இதனால் குழந்தைக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு ரெடிமேடாக ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறார்கள். ஞாபக சக்தி கூடும், கணக்கு நன்றாக வரும், மூளை வளரும், ஒழுக்கம் வரும். லேகியம் விற்கிற மாதிரி. நம் ஊர்ப் பெற்றோரும் பாட்டு கிளாஸில் சேர்க்கும்போது முதலில் கேட்பது, "மார்க் ஏறுமா சார்?"

கொஞ்சம் ஏறலாம் என்று முதலில் சொன்னார்கள். கனடாவில் ஷெல்லன்பர்க் என்ற உளவியல் பேராசிரியர் 144 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2004ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கீபோர்டோ பாட்டோ கற்ற குழந்தைகளின் ஐ.க்யூ., கற்காதவர்களைவிட இரண்டே முக்கால் பாயின்ட் அளவுக்குக் கூடுதலாக உயர்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உலகமெங்கும் பாட்டு கிளாஸ்கள் விளம்பரம் செய்தன. பிறகு சலா, கோபெட் என்ற இருவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளின் கணக்கை, ஒன்றாகப் போட்டு அலசினார்கள். 2020ல் முடிவு வந்தது. ஒழுங்காக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இசைப் பயிற்சியால் படிப்புக்கும் அறிவுக்கும் கிடைக்கும் லாபம் கிட்டத்தட்ட ஜீரோ.

ஆக, மார்க்குக்காகச் சேர்ப்பதென்றால் டியூஷனே மேல். பாட்டை விட்டுவிடலாம்.

அப்படியானால் கொயரில் நிஜமாகவே கிடைப்பது என்ன? ஒரு சின்ன டெக்னிக்கைச் சொல்கிறேன். நீளமான ஒரு ஸ்வரத்தை அரை நிமிஷம் விடாமல் பிடிக்க வேண்டும். பத்து வயசுப் பையனின் நுரையீரல் அதற்குப் போதாது. என்ன செய்கிறார்கள்? முறை வைத்து மூச்சு எடுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்கக் கூடாது. நீ எடுக்கும்போது அவன் தாங்கிப் பிடிப்பான். கேட்கிறவர்களுக்கு ஸ்வரம் அறுபடவே இல்லை. யாராலும் தனியாக முடியாத காரியம், எல்லோருமாகச் சேர்ந்து சுலபமாக முடிகிறது. இதைச் செய்ய, பையன் தன் குரலைவிடப் பக்கத்துப் பையனின் குரலைக் கவனமாகக் கேட்டாக வேண்டும். தான் பாடுவது தனியாகக் காதில் விழுந்தால் தப்பு. தான் நிறுத்திவிட்டாலும் தப்பு. தனித்துத் தெரியாமலும் இருக்க வேண்டும், இல்லாமல் போகவும் கூடாது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் இது.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013ல் பதினெட்டு வயசுக்காரர்களைக் கூட்டாகப் பாடவைத்து இதயத் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். மூச்சு ஒன்றாக ஏறி இறங்கும் பாட்டுகளில் துடிப்பின் வேகமும் ஒன்றாக ஏறி இறங்கியது. கவிதைக்காகச் சொல்லவில்லை, கிராஃபே இருக்கிறது.

நம்மிடம் இது இருந்ததா? இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான். கூடவே உடுக்கை ஒருவர், கொட்டி மத்தளம் ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல். அந்தக் கல்வெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு ஷரத்து. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த இடத்தில் நின்று பாடி நெல்லை வாங்கிக்கொள்ளலாம். அவருக்குப் பாட வராது என்றால், பாடத் தெரிந்த வேறொருவரைத் தேடிப் பாடவைக்க வேண்டும். ஆள் போகலாம், பாட்டு நிற்கக் கூடாது. முறை வைத்து மூச்சு எடுப்பதைத் தலைமுறைக் கணக்கில் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? 48 பேர் நின்ற இடத்தில் இன்று பல கோயில்களில் ஓர் ஓதுவார் தனியாக நின்று பாடுகிறார். சில கோயில்களில் அவரும் இல்லை. தருமபுரம் ஆதீனத்தின் தேவாரப் பாடசாலை மாதிரி இடங்களிலும், அறநிலையத் துறையின் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளிலும் அந்த இழை அறுபடாமல் இருக்கிறது. கௌசிகம் என்றால் பைரவி, புறநீர்மை என்றால் பூபாளம் என்று பண்களோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்றபடி நம் சங்கீதமே ஒற்றை ஆள் சங்கீதமாகிவிட்டது. நடுவில் வித்வான், ஓரத்தில் பக்கவாத்தியம். எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.பி.சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்து, பாரதி பாட்டுகளைப் பல குரல்களாகப் பிரித்துப் பாடவைத்தார். அவர் மாதிரி நாலு பேர் வந்திருந்தால் நம்ம பள்ளிக்கூடங்களின் சத்தமே மாறியிருக்கும்.

வந்ததோ டி.வி. பாட்டுப் போட்டி. ஒன்பது வயசுக் குழந்தை அபாரமாகப் பாடுகிறது. சும்மா சொல்லக் கூடாது, சில குழந்தைகள் பெரியவர்களை வெட்கப்படவைக்கும். ஆனால், அந்த மேடை கற்றுக்கொடுக்கும் பாடம் கொயர் கற்றுக்கொடுப்பதற்கு நேர் எதிர். பக்கத்தில் நிற்பவன் மூச்சு தவறினால் நீ ஜெயிப்பாய். அவன் எலிமினேட் ஆகி அழும்போது க்ளோசப் உன் முகத்தில். வாரா வாரம் ஒரு குரல் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்று மிஞ்சும். கொயர் என்பது சேர்த்துக்கொண்டே போகிற கணக்கு. இது கழித்துக்கொண்டே வருகிற கணக்கு.

இப்படிச் சொல்வதால் கொயர் ஸ்கூல் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் தேவாலயக் கொயர் உலகப் புகழ் பெற்றது. 2017ல் வெளியான விசாரணை அறிக்கை, 1945 முதல் பல பத்தாண்டுகளில் அங்கே குறைந்தது 547 பையன்கள் அடி, உதைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானார்கள் என்றது. தேவகானம் மேடையில், ராத்திரி ஹாஸ்டலில் வேறு கதை. வீட்டிலிருந்து பிரித்த குழந்தை, கேள்வி கேட்க ஆளில்லாத வாத்தியார், வெளியே போனால் கெட்டுவிடும் என்று எல்லோரும் பயப்படும் ஒரு நல்ல பேர்... இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும். நம்ம ஊரில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய சபா உள்பட, பாய்ஸ் கம்பெனிகளும் ஒரு வகையில் பாட்டுப் பள்ளிதான். டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா எல்லோரும் பாய்ஸ் கம்பெனி வளர்ப்பு. சிவாஜி, தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தவர். அங்கே வந்த எல்லோருக்கும் பாட்டு வந்தது, உச்சரிப்பு வந்தது. அடியும் வந்தது.

அதனால், பாட்டுப் பள்ளி எதுவானாலும் எடை போட நான் வைத்திருக்கும் தராசு ஒன்றுதான். அந்தப் பையனின் குரல் உடைகிற நாளில் அவனை என்ன செய்கிறீர்கள்?

பதின்மூன்று, பதினாலு வயசில் பையனின் குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். நாடகக்காரர்கள் இதற்கு வைத்த பேர் மகரக்கட்டு. நேற்றுவரை தேன், இன்று காலையில் எழுந்தால் தகர டப்பா. அவன் தப்பு எதுவும் இல்லை. வியன்னாவில் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கொயரில் ஜோசப் என்று ஒரு பையன் இருந்தான். குரல் உடைந்ததும் அவன் வேண்டாதவனாகிவிட்டான். சக பையனின் குடுமியைக் கத்தரித்த குறும்பு ஒரு சாக்காகக் கிடைத்தது. 1749ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். தெருவில் நின்ற அந்தப் பையன்தான் பிற்பாடு சிம்பொனியின் தந்தை என்று பேர் வாங்கிய ஹைடன். இங்கே, பி.யு.சின்னப்பா மகரக்கட்டு வந்து கம்பெனியைவிட்டு வெளியேறி, சிலம்பமும் சங்கீதமும் கற்று, திரும்பி வந்து 1940ல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டார். இவர்கள் தப்பித்தவர்கள், அதனால் பேர் தெரிகிறது. தப்பிக்காதவர்களின் பேரை யார் எழுதி வைத்தார்கள்?

லைப்ஸிக் தாமஸ் கொயரில் வேறு ஏற்பாடு. குரல் உடைந்த பையன் அங்கேயே இருக்கிறான். கொஞ்ச நாள் ஓய்வு. அப்புறம் டெனர், பாஸ் வரிசையில் போய் நிற்கிறான். பதினெட்டு வயசில் படிப்பை முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறான். புதிதாக வந்த ஒன்பது வயசுப் பொடியனின் உச்சக் குரலுக்குக் கீழே, பழைய பொடியனின் கனத்த குரல் அஸ்திவாரம் மாதிரி நிற்கிறது. ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய லாபம் என்ன வேண்டும்? நீ மாறினாலும் உனக்கு இங்கே இடம் உண்டு.

'தி கோரஸ்' என்ற பெயரில் இங்கேயும் பலர் பார்த்த ஃபிரெஞ்சுப் படம் ஒன்று, 2004ல் வந்தது. அடாவடிப் பையன்கள் நிறைந்த ஒரு ஹாஸ்டலில் வாத்தியார் ஒருவர் கொயர் ஆரம்பிக்கிறார். எல்லோரும் தேவதைக் குரல் பையனைப் பற்றியே பேசுவார்கள். படத்தில் எனக்கு முக்கியமானவன் சுத்தமாகப் பாட வராத இன்னொருவன். வாத்தியார் அவனைத் துரத்தவில்லை. நோட்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையைக் கொடுத்துவிடுகிறார், மனித ஸ்டாண்டாக. படம் சில இடங்களில் சர்க்கரை அதிகம். அந்த ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம்.

இன்னொன்று. பாய்ஸ் கொயர் என்றால் பெண் குழந்தைகள்? இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயம் 1991ல்தான் அவர்களுக்குத் தனிக் குழு ஆரம்பித்தது. இங்கே 2021ல் சென்னையை ஒட்டிய மாடம்பாக்கம் கோயிலில் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டபோது அது தலைப்புச் செய்தி. சம்பந்தரும் அப்பரும் கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, நம் குழந்தைகளுக்கு வியன்னா வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம். நம் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து. எம்.எஸ்.விஸ்வநாதன் மோகனத்தில் போட்ட மெட்டு. மாநிலப் பாடலாக 2021 டிசம்பரில் அறிவித்தபோது 55 விநாடியில் பாட வேண்டும் என்று சொன்னதோடு, இசைத்தட்டை ஓடவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அரசு சொன்னது. தினமும் 55 விநாடி, ஒரு பள்ளிக்கூடமே கொயர் ஆகிறது. செலவு இல்லை, வாத்தியம் வேண்டாம். ஸ்பீக்கரை மட்டும் அணைக்க வேண்டும்.

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். அசெம்பிளியில் முதல் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு நாள் குரல் கரகரக்கும். மற்றதுகள் சிரிக்கும். டீச்சர், "நீ வாயை மட்டும் அசைடா" என்பார். அதைச் சொல்லாதீர்கள். கடைசி வரிசைக்கு அனுப்பி, "உனக்குக் கீழ் ஸ்தாயி" என்று சொல்லுங்கள்.