கண்ணாடியில் பறிக்கப்படும் கோப்பி

உலகத்திலேயே அழகான மெக்டொனால்ட் என்று பயணக்காரர்கள் பலர் கைகாட்டுவது போர்ச்சுகலின் போர்த்தோ நகரக் கிளையைத்தான். 1936இல் திறந்த 'கஃபே இம்பீரியல்' என்ற கோப்பிக்கடை, 1995இல் மெக்டொனால்ட் ஆனது. வாசலுக்கு மேலே வெண்கலக் கழுகு, உள்ளே படிகச் சரவிளக்குகள், கவுண்டருக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி ஓவியம். போன வருடம் லீவு போட்டுப் போய்ப் பார்த்தேன்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரெண்டு கட்சி. பாரம்பரியம் பர்கருக்கு விலைபோச்சு என்பது ஒன்று. நல்லவேளை, இடிக்காமல் காப்பாற்றினார்களே என்பது இன்னொன்று. முதல் கட்சிக்கு வரலாறு உண்டு. ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கம் 1986இல் மெக்டொனால்ட் வந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்துதான் கார்லோ பெத்ரினியின் 'ஸ்லோ ஃபூட்' இயக்கம் வளர்ந்தது. ஆனால் அந்தப் புலம்பல் எனக்கு ஒட்டவில்லை. கோத்தா திங்கியில் பரீட்சை நேரத்தில் ஒரே ஒரு ஐஸ் மைலோவோடு மூணு மணி நேரம் ஏர்கானில் உட்கார எங்களுக்குக் கிடைத்தது துரித உணவுக் கடைதான். சரவிளக்கு தொங்கும் பழைய கோப்பிக்கடைக்குள் முதுகுப்பையோடு நுழைய எனக்குக் கால் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

என் பிரச்சினை பர்கர் இல்லை, அந்தக் கண்ணாடி. ரிக்கார்டோ லியோனி செய்தது. கோப்பி பறிப்பதிலிருந்து மேசைக்கு வருவது வரை கதையாக ஓடுகிறது. எல்லோரும் அதைக் கலை என்கிறார்கள், கீழே இருக்கும் மெனு திரையை வியாபாரம் என்கிறார்கள். எனக்கு ரெண்டும் விளம்பரமாகத்தான் தெரிகிறது. மேலே இருப்பதற்கு வயசு கூட, அவ்வளவுதான்.

1936இல் போர்ச்சுகலை ஆண்டது சலாசார். அங்கோலா அவர்களின் காலனி. அங்குள்ள கோப்பித் தோட்டங்களில் கட்டாய வேலை நடந்தது; 1961 மார்ச்சில் வடக்குத் தோட்டங்களில் கிளர்ச்சி வெடித்தது. கடைக்கு 'இம்பீரியல்' என்று பெயர் வைத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. (1587இல் எங்கள் ஜொகூர் ஆற்றோரம் ஜொகூர் லாமாவை அழித்ததும் போர்ச்சுகீசியர்தான். அந்தக் கணக்கு வேறு.)

நம் ஆட்களும் ரப்பருக்கு முன்பே மலாயாவின் கரும்பு, கோப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள். பாட்டி பால்மரம் வெட்டியவர். கைப்பேசியில் கண்ணாடிப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவங்கள கொசு கடிக்காதா?" என்றார். நான் படித்த எந்தப் பயணக் கட்டுரையிலும் இப்படி ஒரு விமர்சனம் இல்லை. ஒட்டுப்பால் நாற்றம், விடியலுக்கு முந்திய இருட்டு, கங்காணியின் குரல் எதுவும் வண்ணக் கண்ணாடியில் ஏறாது. வெளிச்சம் மட்டும்தான் ஏறும்.

அழகில்லை என்று சொல்லவில்லை. ரொம்ப அழகு. என் எண் திரையில் வந்த பிறகும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் தட்டை முன்னால் தள்ளிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். கண்ணாடி அவளுக்கு முதுகுப்பக்கம் இருந்தது.