ஓவன் ஏன் தோற்றான்?

பழைமையில் ஊறிய மனிதரோடு புரட்சிகர அரசியல் பேசுவது எவ்வாறு? இவ்வினாவை ஒரு நாவலின் உயிர்ப்பொருளாக்கியவர் றொபேட் ட்றெசல். 1870 இல் டப்ளினிற் பிறந்து, இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரில் வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்து, 1911 இல் காசநோயால் மாண்ட தொழிலாளி அவர். 'கந்தல் காற்சட்டைக் கொடைவள்ளல்கள்' என நாம் பெயர்த்துக் கூறத்தக்க அவரது நாவல், அவர் இறந்த பின் 1914 இல் வெட்டிக் குறுக்கப்பட்டு வெளிவந்தது. முழுப் பிரதி அச்சேற 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தம் உழைப்பின் பெரும்பகுதியை முதலாளிக்கு வாரி வழங்கும் தொழிலாளரே தலைப்பு எள்ளி நகையாடும் அவ்வள்ளல்கள்.

கதாநாயகன் பிறாங் ஓவன் ஒரு சோஷலிஸ்ட். மதிய உணவு வேளையில் உடன் வேலைசெய்வோரிடம் வறுமையின் காரணத்தை விளக்குகிறான். அவர்களோ அந்நியப் பொருள்களையும், இயந்திரங்களையும், குடியையும் குறைகூறுகின்றனர். பணக்காரன் இல்லாவிடில் நமக்கு வேலை தருவார் யார் என வினவுகின்றனர். முதலாளிமாரின் பத்திரிகை சொன்னதே அவர்களுக்கு வேதம்.

நாவலின் உச்சம், பாண் துண்டுகளைக் கொண்டு ஓவன் நடத்திக் காட்டும் விளக்கம். பாண் மூலப்பொருள், சட்டைப்பைக் கத்திகள் இயந்திரங்கள், மூன்று அரைப்பென்னி நாணயங்கள் முதலாளியின் பணம். மூன்று தொழிலாளர் தலைக்கு மூன்று துண்டு வெட்டிக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். அக்கூலிக்கு ஒரு துண்டையே வாங்க முடிகிறது. காசு முதலாளியிடம் திரும்பி விடுகிறது. எஞ்சிய துண்டுகளும் அவனுடையவை. பண்டம் மலிந்ததும் கத்திகளை வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறான். உபரி மதிப்பை இதனினும் எளிதாக விளக்கிய இலக்கியம் அரிது. தோழர்கள் சிரிக்கின்றனர், விளையாட்டில் மகிழ்ந்து பங்குகொள்கின்றனர். ஆயினும் தேர்தல் வந்ததும் பழைய இரு கட்சிகளின் பின்னாலேயே ஓடுகின்றனர்.

ஏன்? அறியாமை என்பது ஓவனின் விடை. நாவல் காட்டும் நிலைமையோ அவ்விடையினும் ஆழமானது. முதியவனான ஜாக் லிண்டன் வேலைநேரத்திற் புகைபிடித்தான் என்பதற்காக விரட்டப்படுகிறான். அத்தகைய இடத்தில் மேற்பார்வையாளன் கிறாஸின் பேச்சுக்குத் தலையாட்டுவதும் வேலையின் ஒரு பகுதியே. அங்கு பழைமைவாதம் பிழைத்திருப்பதற்கான கவசம். கவசத்தைக் களையச் சொல்பவன் அம்பு வரும்போது அருகில் நிற்பானா என்றே கேட்பவன் எண்ணுவான். இதற்கு ஓவனிடம் விடையில்லை. ஒருவனுக்காக அனைவரும் எழும் வலிமைமிக்க தொழிற்சங்கத்தை இந்நாவலில் நாம் காண்பதில்லை. அச்சத்தைத் தர்க்கத்தால் மட்டும் போக்க முடியாது.

ஆசிரியரின் குறை ஒன்றையும் இங்கு சுட்ட வேண்டும். கிறாஸ், ஸ்லைம் எனும் பெயர்கள் ஆங்கிலத்தில் முரட்டுத்தனத்தையும் சேற்றையும் நினைவூட்டுவன. பாத்திரம் வாய்திறக்குமுன்பே பெயர் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. மிக நீண்ட சோஷலிஸச் சொற்பொழிவோ பாரிங்ரன் எனும் செல்வந்தர் வீட்டு மகனுக்கு வாய்க்கிறது. விரும்பிய நாளில் வேலையை விட்டுப் போகக்கூடியவன் அவன். அச்சமற்றவன் பேசுவது எளிது.

ஆயினும் ட்றெசல் தம் கதாநாயகனின் நோயை அறியாதவரல்லர். வெறுப்பு மேலிடும் கணங்களில் ஓவன் தன் தோழரையே பகைவராக எண்ணுகிறான். அவ்வெறுப்பு எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கும் நாவலிலேயே சான்றுண்டு. முன்னர் சோஷலிஸம் பேசிக் கூட்டத்தாரின் கல்லடியால் நெற்றியில் வடுப்பட்ட ஒருவன், இப்போது கூலி பெற்று லிபரல் கட்சிக்குப் பேசுகிறான். இம்மக்கள் இந்நிலைக்கே தகுதியானவர்கள் என்பது அவன் வாதம். மக்களை ஏளனஞ் செய்யும் புரட்சியாளன் ஈற்றில் மக்களை விற்பவனாகலாம் என்பதை இதனினும் கடுமையாக எவரும் எச்சரித்திலர்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இந்நாவலை இதன்பொருட்டே கற்க வேண்டும். பழைமை பேசும் சக ஆசிரியரோ, சாதி பேசும் உறவினரோ நம்முன் அமர்ந்திருக்கையில், அவர் கூற்றை மறுக்குமுன் அவர் எதை இழக்க அஞ்சுகிறார் என்று வினவுவோம். கருத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, சுரண்டல் சுரண்டலே. ஆனால், பாண் துண்டைக் காட்டிய கை அவர் தோளையும் பற்ற வேண்டும். அவர் வேலைக்கு ஆபத்து நேரும் நாளில் நாம் எங்கு நிற்கிறோம் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நமது வாதத்தின் வலிமையை அந்நாளே தீர்மானிக்கும்.